உன் கதைகளில் யாரும் தப்பித்ததில்லை

இன்று காலை, இந்தக் குளிர்காலத்துக்கு முதல் முறையாக ஹீட்டரைப் போட்டேன். கோடை முழுக்கச் சுவரோரத் தகடுகளில் படிந்திருந்த தூசி கருகி, வீடெங்கும் அந்த வாசனை எழுந்தது. என் கணவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனார். "இருக்கட்டுங்க, திறக்காதீங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும். அது உன் வீட்டு வாசனை.

மற்ற வீடுகளில் அது வருடத்தில் ஒரு நாள் வந்து போகும். உன் வீட்டில் குளிர்காலம் முழுக்க இருந்தது. வெளியே பனி கொட்டினாலும் நீ ஹீட்டரைப் போட மாட்டாய். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். யாராவது வந்தால் போடுவாய். அவர்கள் படியிறங்கியதும் அணைத்துவிடுவாய். அதனால் ஒவ்வொரு முறையும் தூசி புதிதாகக் கருகும். "தாங்க முடியுதுல்ல, அப்புறம் என்னத்துக்கு சூடு?" என்பாய். உன் கணவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். நீ சிக்கனக்காரி என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உடம்புக்குச் சுகம் கொடுத்தால் உன்னை யாரோ பார்த்துவிடுவார்கள் என்ற பயம் அது என்று பிறகுதான் புரிந்தது.

நாம் சந்தித்தது நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், அபார்ட்மென்ட்டின் துணி துவைக்கும் அறையில். இரண்டாயிரத்து இரண்டு. நான் கோபிச்செட்டிப்பாளையத்தில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள். நீ மதுரையில் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். இங்கே நம் இருவர் பாஸ்போர்ட்டிலும் ஒரே முத்திரை: கணவனைச் சார்ந்தவள், வேலை செய்யக் கூடாது. கணவர்களின் கிரீன் கார்டு எங்கோ ஒரு வரிசையில் நின்றது. அது வரும்வரை அவர்களும் கம்பெனி மாற முடியாது. நான்கு பேருமே கட்டுண்டுதான் கிடந்தோம். ஆனாலும் காலையில் கிளம்பிப் போக அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. நமக்குக் கார்ப்பெட் போட்ட இரண்டு அறைகளும், ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங் லாட்டும்.

டிரையரிலிருந்து உன் கணவரின் சட்டைகளை எடுத்து மடித்தபடி, "நீங்க கதை படிப்பீங்களா?" என்று கேட்டாய். படிப்பேன் என்றேன். மறுநாளே இணைய இதழ்களில் வந்திருந்த உன் கதைகளை எல்லாம் பிரிண்ட் எடுத்து என் கதவடியில் செருகிவிட்டுப் போனாய்.

நான் ஒரே மூச்சில் படித்தேன். மொழி தண்ணீர் மாதிரி ஓடியது. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு மூச்சு முட்டியது. அம்மாவிடம் பொய் சொன்ன பையன் கிணற்றில் விழுந்தான். தங்கையின் நகையை எடுத்தவள் பேசும் சக்தியை இழந்தாள். மனைவிக்குத் துரோகம் செய்த கிளார்க் தன் மகள் தன்னையே வெறுப்பதைப் பார்த்துக்கொண்டு கிழவனானான். தப்புச் செய்தவர்களில் ஒருவர்கூட வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்கவில்லை.

"ஏன் புள்ள, உன்ற கதையில ஒருத்தனாச்சும் தப்பிக்க மாட்டானா?" என்று கேட்டேன். அதற்குள் நாம் வா, போ என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தோம்.

"நான் விட்டாலும் எங்க தாத்தா விட மாட்டாரு" என்று சிரித்தாய்.

அன்றுதான் உன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொன்னாய். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார் அவர். அவரைக் கிறிஸ்தவராக்கியவர் மாசச்சூசெட்ஸிலிருந்து கப்பலேறி வந்த ஒரு பாதிரியார். அந்தப் பாதிரியாரின் முன்னோர்கள் பியூரிட்டன்கள். இங்கிலாந்துச் சபை போதிய அளவு சுத்தமாக இல்லை என்று கோபித்துக்கொண்டு கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தவர்கள். நாடகம் பார்க்கக் கூடாது, ஆடக் கூடாது, அலங்காரம் கூடாது; மனித மனம் பிறக்கும்போதே அழுகியது, அதைச் சதா கண்காணிக்க வேண்டும் என்று நம்பியவர்கள். காலம் அவர்களைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தாலும் அந்தப் பாதிரியார் அதை எல்லாம் பெட்டியில் மடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். உன் கொள்ளுத்தாத்தா அதை வாங்கி இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"ரத்தம் வேறதான். ஆனா நான் அந்த வெள்ளைக்காரங்க பேத்திதான் சுமதி. எங்க வீட்டுல தலையில பூ வைக்க மாட்டோம். ஞாயித்துக்கிழமை அடுப்பு பத்த வைக்க மாட்டோம். சினிமா கெடையாது. கதைப் புத்தகத்துக்கு எங்க வீட்டுல பேரே பொய்ப் புத்தகம்தான்."

பதினைந்து வயதில் நீ எழுதிய முதல் கதையை உன் அப்பா படித்தாராம். நிதானமாகப் படித்துவிட்டு, "இது நடந்துச்சா?" என்று கேட்டாராம். இல்லை என்றாய். "நடக்காததை நடந்த மாதிரி எழுதுனா அதுக்குப் பேரு என்ன?" என்றாராம். அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. அந்தக் கேள்வியை உன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"அதுலேர்ந்து ஒரு பழக்கம். பொய்தான் சொல்றோம், அதுக்கு ஈடா உள்ள ஒரு தண்டனையாவது வச்சிருவோம்னு. அப்ப அப்பாவுக்குப் பதில் சொல்லிறலாம்ல."

உன் கொள்ளுத்தாத்தாவின் மகளைப் பற்றியும் சொன்னாய். பக்கத்து ஊரில் நடந்த கூத்தைப் போய்ப் பார்த்துவிட்டாள். அடுத்த ஆராதனையில் அவள் பெயரைச் சொந்த அப்பாவே சபை முன்னால் வாசித்தார். அவள் எழுந்து நிற்க வேண்டும். ஆராதனை முடியும்வரை எல்லாரும் பார்க்க நின்றாள். நற்கருணை அப்பம் அவளுக்கு மறுக்கப்பட்டது. பிறகு மன்னித்து உள்ளே கூப்பிட்டபோது அவள் வரவில்லை. சாகும்வரை வேதக்கோயிலுக்கு வெளியே, ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துதான் பாட்டுப் பாடினாளாம். இந்தக் கதையை உன் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள், உபதேசியார் மகளென்றும் பார்க்கவில்லை என்று.

"நீ யாரு பக்கம்?" என்று கேட்டேன்.

நகத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னாய். "சின்னப் பிள்ளையில தாத்தா பக்கம். இப்ப அவ பக்கம். ஆனா எழுத உக்காந்தா திரும்பவும் தாத்தா பக்கம் போயிறேன்."

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊர் மாரியம்மனுக்கும் கோபம் வரும். ஆனால் ஒரு பொங்கல் வைத்து, மஞ்சள் நீர் ஊற்றினால் அவள் மறந்துவிடுவாள். மறக்கவே மாட்டாத ஒரு சாமியை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு எனக்குத் தாரணி பிறந்தாள். பேறுகாலத்துக்கு வந்த அம்மா ஊர் திரும்பியதும் அபார்ட்மென்ட் இன்னும் சுருங்கிவிட்டது. குழந்தை, பால், துணி, தூக்கம். இவர் எட்டு மணிக்குக் கிளம்பினால் இருட்டியபின் வருவார். இருந்த ஒரு காரும் அவரோடு போய்விடும். பனி விழுந்தால் தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்து நடக்கக்கூட முடியாது. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அதனாலேயே என் தவிப்பை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, கோபியில் என்னிடம் படித்த பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. குழாயை மூடிவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

"ஒரு நாள் மட்டும் எங்காச்சும் போகோணும். தனியா. புள்ளையைப் பாத்துக்கிறியா?"

நீ என் முகத்தைப் பார்த்தாய். எதுவும் விசாரிக்கவில்லை. "போயிட்டு வா. ஆனா எங்க போறேன்னு சொல்லாத. உன் வீட்டுக்காரரு கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது."

மறுநாளே உன் பழைய காரில் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டாய். ரயில் கிளம்பும்போது பார்த்தேன். தாரணியின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாய். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டேன். அவள் இட்லி தின்றிருந்தாள், தூங்கியிருந்தாள், உன் மடியில் உட்கார்ந்து கரண்டியால் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. பகலில் போன் எடுக்கவில்லையே என்று இவர் கேட்டபோது, லைப்ரரிக்குப் போயிருந்தேன் என்றேன்.

வசந்தம் வந்து மரங்கள் துளிர்த்த பிறகு உன் கதை வந்தது.

எனக்கு நீ சொல்லவில்லை. என் கணவர் ஆபீஸிலிருந்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். தமிழ்க்காரர்களின் ஈமெயில் குழுவில் யாரோ அனுப்பியிருந்தார்கள், 'நம்ம ஏரியா கதை மாதிரி இருக்கே' என்று. நான் நின்றுகொண்டே படித்தேன். நியூ ஜெர்சி. ஒரு வயதுப் பெண் குழந்தை. அதைத் தோழியிடம் விட்டுவிட்டு அம்மா ரயிலேறுகிறாள். ஒரு ஹோட்டலில் அவளுக்காக ஒரு ஆண் காத்திருக்கிறான். தோழி போன் பேசும் நேரத்தில், சாத்தாத கதவு வழியே குழந்தை பனிக்குள் தவழ்ந்து போகிறது. அம்மா திரும்பி வரும்போது வாசலில் போலீஸ் வண்டியின் நீல விளக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது.

"அன்னைக்கு நான் போன் பண்ணேன். லைப்ரரின்னு சொன்ன" என்றார் இவர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"கதைங்க அது."

"எது கதை? ஹோட்டலா, ட்ரெயினா?"

நான் ரயில்தான் உண்மை என்றேன். எங்கே போனேன், என்ன செய்தேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நடந்தது அத்தனை சாதாரணமானது. பொய் சொல்கிறவள்கூட அதைவிட நல்ல காரணம் வைத்திருப்பாள். அடுத்த நாளிலிருந்து மணிக்கொரு தரம் வீட்டு போன் அடித்தது. எடுத்தால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்று வைத்துவிடுவார். இருந்த இரண்டு அறையும் ஒரு போன் ஒயரின் நீளத்துக்குச் சுருங்கிப்போனது.

மூன்றாம் நாள் உன் கதவைத் தட்டினேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. குளிர் இன்னும் முழுசாக விட்டிருக்கவில்லை; ஆனாலும் அன்று ஹீட்டரைப் போட நீ எழவில்லை.

"நான் எங்க போனேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கேட்டிருக்கலாமல்ல?"

"கேட்டா உண்மையைச் சொல்லியிருப்ப. அப்புறம் எனக்குக் கதை இருந்திருக்காது."

"அதுக்கு? என்ற புள்ளையைக் கொல்லுவியா?"

உன் உதடு கோணியது. "அவ எம் மடியில உக்காந்துதான்டி இருந்தா. நான் கதவைப் பாத்தேன். ஒரு தடவை பாத்தேன், அது சாத்தித்தான் இருந்துச்சு. திரும்பத் திரும்பப் போயிப் பாத்தேன். அம்மா சந்தோஷமா எங்கியோ போயிருக்கா, அதுக்கு ஏதோ ஒண்ணு நடக்கும்னே தோணிட்டு இருந்துச்சு. நீ திரும்பி வர்ற வரைக்கும் நான் ஒரு எடத்துல சேந்தாப்புல உக்காரல. நடக்கலை. நடக்கலைன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துருக்கணும். இல்ல. கணக்கு முடியாத மாதிரி இருந்துச்சு. எழுதி முடிச்சேன்."

நான் எழுந்துவந்தேன். நான் எங்கே போனேன் என்று வாசலில் சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம், சொல்லாத. அதையும் எழுதிருவேன்" என்று காதைப் பொத்திக்கொண்டாய்.

அன்று மாலை நீ வருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இவர் அப்போதுதான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நீ உள்ளே வந்து ஹாலின் நடுவில் நின்றாய்.

"உக்காருங்க" என்றார்.

"இல்லண்ணே. நின்னே சொல்றேன். அந்தக் கதை நான் எழுதுனது. அதுல வர்ற ஆம்பளையை நான்தான் உண்டாக்குனேன். ஹோட்டலும் நான் உண்டாக்குனது. சுமதி எங்க போனான்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. அவகிட்ட குத்தம் இல்ல. எல்லாம் நான் சொன்ன பொய்."

"சரிங்க, உக்காருங்க, காபி சாப்பிடுங்க" என்று அவர் தடுமாறினார். நீ உட்காரவில்லை. பேசி முடித்த பிறகும் அப்படியே நின்றாய், கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, அவர் போகச் சொல்லும்வரை நிற்க வேண்டும் என்பதுபோல. உன் கொள்ளுத்தாத்தாவின் மகள் எப்படி நின்றிருப்பாள் என்று எனக்கு அன்று தெரிந்தது. என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழுந்து வந்து உன் தோளைப் பிடித்து சோபாவில் அழுத்தினேன். நீ காபி குடித்தாய்.

போன் அடிப்பது மெல்ல நின்றது. அவர் முழுக்க நம்பினாரா என்று நான் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் காலிப் பார்க்கிங் லாட்டுக்கு அழைத்துப்போய், "நீயும் டிரைவிங் கத்துக்க" என்று சாவியைக் கொடுத்தார். அதை அவருடைய மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இலையுதிர் காலத்தில் மாசச்சூசெட்ஸுக்குப் போனோம். உன் பாதிரியாரின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று நீ வெகு நாளாக ஆசைப்பட்டாய். உன் கணவர் ஓட்டினார். இவருக்கு ஆபீஸில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ், வர முடியவில்லை. நானும் தாரணியும் பின் சீட்டில். பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாய், பூவில்லாமல், நகையில்லாமல்.

வெள்ளை மரச் சர்ச். பக்கத்தில் பழைய கல்லறைகள். கறுத்த கற்பலகைகளில் பெயருக்கு மேலே மண்டையோடு செதுக்கி அதற்கு இரண்டு பக்கமும் சிறகு வைத்திருந்தார்கள். நீ ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாய். "இவங்க மொகம்தான் எங்க வீட்டுப் பெரியவங்க மொகம்" என்றாய். அந்த இடத்தில் நீ அவ்வளவு உரிமையோடு நடமாடினாய். சொந்த ஊருக்கு வந்தவள் மாதிரி.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். ஜீன்ஸ், கம்பளிச் சட்டை, கையில் காபி. அவள்தான் அங்கே பாஸ்டர். நீ திகைத்துப்போனாய். எங்கிருந்து வருகிறோம், அந்தப் பாதிரியார் யார் என்று நீ சொன்னதும் அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். டோனட் கொடுத்தாள், தாரணியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சபை முன்னால் நிற்கவைப்பது, பெயர் வாசிப்பது எல்லாம் இன்னும் உண்டா என்று நீ உன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் கவனமாகக் கேட்டாய். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐயோ, அதெல்லாம் எங்கள் பாட்டிகளுக்கே நினைவில்லை, இங்கே யாரும் யாரையும் தீர்ப்பிடுவதில்லை, எல்லாரையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம் என்றாள்.

சர்ச்சுக்கு எதிரே புல்வெளியில் ஒரு மரக்கட்டை நின்றது. தலைக்கும் கைகளுக்கும் துளை வைத்த கட்டை. பழைய காலத்தில் குற்றவாளிகளை அதில் மாட்டி வைப்பார்களாம். இப்போது டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே தலையை நுழைத்து போட்டோ எடுத்தது. தாரணி ஓடிப்போய், பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்காக வைத்திருந்த குட்டைக் கட்டையின் துளையில் கையை விட்டுவிட்டு நம்மைப் பார்த்துக் கெக்கலித்தாள். நீ பாய்ந்து போய் அவள் கையை வெளியே இழுத்தாய். அவள் அழ ஆரம்பித்தாள்.

திரும்பும் வழியில் காரில் சொன்னாய். "இவங்க விட்டுட்டாங்க, பாத்தியா. எங்க கையில குடுத்துட்டு இவங்க பாட்டுக்குக் கை கழுவிட்டாங்க. நாங்கதான் அதைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கோம்."

"நீயும் விட்டுடு புள்ள. இங்கதான் யாரும் கேக்கறதில்லயே."

"எதை விடுறது? எனக்குள்ள இருந்து அதை எடுத்துட்டா மிச்சம் என்னடி இருக்கு?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் கணவர் ரேடியோவைப் போட்டார், அணைத்தார்.

அதற்குப் பிறகு நீ அந்தக் கதையைத் திருத்தி எழுதிப் பார்த்தாய். அம்மா திரும்பி வருகிறாள், குழந்தை சிரிக்கிறது. எனக்குப் படித்துக் காட்டினாய். வரிக்கு வரி செத்துக் கிடந்தது. உனக்கே தெரிந்தது. இன்னொரு தடவை எழுதினாய். அதில் குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் வந்தது. "பாரு, எவ்வளவு கொறைச்சிட்டேன்" என்றாய். நாம் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு நீ எழுதுவதையே நிறுத்திக்கொண்டாய்.

நிறுத்தியது எழுத்தை மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்பில் கட்டியை நீ எப்போது கண்டுபிடித்தாய் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. உன் கணவருக்குத் தெரியவந்தபோது அது கைக்கு அடியிலும் பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டாள், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று. அவர் உன்னைப் பார்த்தார். நீ சுவரைப் பார்த்தாய்.

கீமோ முடிந்து வீட்டில் படுத்திருந்த ஒரு பகலில்தான் என்னிடம் சொன்னாய். ஐந்து வயதாகியிருந்த தாரணி பக்கத்து அறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில தட்டுப்பட்டப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு சுமதி. வர வேண்டியது வந்துருச்சுன்னு. அதான் சொல்லல."

"என்ன வரோணும்? எதுக்கு?"

"ஒம் பிள்ளையைக் கதையில சாகடிச்சேன்ல."

எனக்கு வந்த கோபம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. போர்வையோடு உன்னைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. "என்ற புள்ள அங்க உக்காந்து டி.வி. பாத்துட்டிருக்கா. தாரணீ!" என்று கத்தினேன். அவள் வாயில் சிப்ஸோடு வந்து வாசலில் நின்றாள். "வாட்?" என்றாள். "ஒண்ணுமில்ல, போ" என்றேன். போய்விட்டாள்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல. உனக்கு வந்தது நோவு. நோவு வரும். எங்க சின்னம்மாவுக்கு வந்துச்சு, அது ஒரு எறும்பைக் கூட மிதிச்சதில்ல. எதுக்காகவும் வர்றதில்ல புள்ள."

"காரணமே இல்லாம இவ்வளவு வலிக்குமா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியில் பயம் இருந்தது. தண்டனை என்றால் உனக்கு ஒரு நீதிபதியாவது இருந்தார். உன்னைப் பற்றி அத்தனை கவனமாக யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவர். நான் அவரையும் உன்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தேன். அது சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, ஜன்னல் வழியே மதிய வெயில் உன் போர்வை மேல் விழுந்திருந்தது. உன் கணவர் கான்டீனுக்குப் போயிருந்தார். நீ கண்ணை மூடியபடியே கேட்டாய்.

"அன்னிக்கி எங்கடி போன?"

"எழுதிருவேன்னு சொன்னியே."

"இனிமே எழுத மாட்டேன். சொல்லு."

சொன்னேன். நியூயார்க்கில் இறங்கி, எங்கே போவது என்று தெரியாமல் கூட்டம் போன பக்கமே போய், டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொள்ளும் ஒரு பெரிய படகில் ஏறினேன். அக்கரையில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். சுற்றி வந்து திரும்ப அதே படகில் ஏறினேன். இக்கரைக்கு வந்தேன். மறுபடி ஏறினேன். பகல் முழுக்க அதுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றேன். காது விறைத்தது. உப்புப் போட்ட ஒரு ரொட்டி வாங்கித் தின்றேன். யாரும் என் பெயரைக் கேட்கவில்லை.

"அக்கரையில ஊருக்குள்ள போகலயா?"

"இல்ல."

"ஏன்?"

"போகோணும்னு தோணல."

"சந்தோஷமா இருந்தியா?"

யோசித்துப் பார்த்தேன். "குளிரா இருந்துச்சு. நல்லா இருந்துச்சு."

நீ சிரித்தாய், அது இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அம்புட்டுதானா? அதுக்கா நான் ஹோட்டல் எல்லாம் கட்டுனேன்?" என்றாய். பிறகு, "திரும்பச் சொல்லு. படகு கெளம்பறதுலேர்ந்து" என்றாய். திரும்பச் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது தூங்கிவிட்டாய். உன் முகம் அந்தக் கல்லறை முகமாக இல்லை. யாரோ ஒரு சின்னப் பெண், வேடிக்கை பார்க்கப் போய்க் களைத்துத் தூங்குவது போல இருந்தது. அதற்கு அடுத்த வாரம் நீ இல்லை.

உன் கணவர் ஊருக்கே திரும்பிவிட்டார். எங்களுக்குக் கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, ஆனால் எனக்கு வேலை செய்ய அனுமதி வந்துவிட்டது. ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு நடத்துகிறேன். தனிக் கார். நினைத்தால் எங்கேயும் போகலாம். நான் போவதில்லை. எங்காவது கிளம்பலாம் என்று நினைத்தாலே எனக்குள் ஒரு கதவு சாத்தியிருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறேன்.

இதுதான் நீ எனக்குத் தந்துவிட்டுப் போனது. பொங்கல் வைத்தால் மறந்துவிடும் சாமியைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். மாசச்சூசெட்ஸுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் உன் கதைகளைப் படித்துப் படித்து, உன் கொள்ளுத்தாத்தா இப்போது எனக்கும் கொள்ளுத்தாத்தா ஆகிவிட்டார். நன்றாகச் சிரித்த ஒரு நாளின் முடிவில் அவர் எழுந்து என் பெயரை வாசிக்கத் தொண்டையைச் செருமுகிறார்.

இன்றைக்கும் அப்படித்தான். பிற்பகல் தாரணியின் ஸ்கூல் பஸ் தாமதமானது. தெருமுனையில் நான் ஒருத்தி மட்டும் நின்றேன். வேறு அம்மாக்கள் காருக்குள் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மனசு எழுத ஆரம்பித்துவிட்டது: ஈரச் சாலை, வளைவு, லாரி. காலையில் நான் அவளைத் திட்டி அனுப்பினேன். அதற்காகத்தான் என்று ஒரு வரி. எழுத்து என்னுடையது இல்லை, உன்னுடையது. அந்த நடை எனக்கு நன்றாகத் தெரியும். நிறுத்த முடியவில்லை. நீல விளக்கு வரைக்கும் எழுதிவிட்டேன்.

பஸ் வந்தது. தாரணி இறங்கினாள். ஒரு கையை மூடி வைத்திருந்தாள். விரித்தாள். உள்ளே ஒரு பால் பல், டிஷ்யூவில் சுற்றியிருந்தது.

"வலிச்சுதா? யாராச்சும் இடிச்சாங்களா? விழுந்தியா?"

"நோ மாம். இட் ஜஸ்ட் கேம் அவுட்" என்றாள். நான் இன்னும் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு, எனக்குப் புரியவில்லை என்று நினைத்துத் தமிழில் சொன்னாள். "சும்மா விழுந்துச்சும்மா."

நீ இருந்திருந்தால் அந்தப் பல்லுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பாய். நான் அதை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டேன். அவள் இடைவெளி விழுந்த வாயால் எதையோ பாடிக்கொண்டு எனக்கு முன்னால் குதித்துக்கொண்டே போனாள். நான் பின்னால் நடந்தேன்.